ஃபேனைக் குறைத்தால் டிவியில் இரைச்சல், யாராவது வழி சொல்லுங்கள்

தஞ்சாவூர்க்காரன்:
கும்பகோணம் பக்கம் அப்பா கட்டிய வீடு, ஒயரிங் 25 வருடப் பழசு. ஒரு மாதமாக ஹால் டிவியில் தொல்லை. ஃபேனைக் குறைத்து வைத்தால் ஸ்பீக்கரில் 'ங்ங்ங்' என்று வண்டு சத்தம், ஃபுல்லில் வைத்தால் போய்விடுகிறது. அது போதாதென்று சாயங்காலம் விளக்கெல்லாம் போட்ட பிறகு நடுநடுவே 'சர்ர்... படக்' என்று இன்னொரு சத்தம், அப்போது படமும் கட்டம் கட்டமாக உடைகிறது. கேபிள்காரர் பாக்ஸை மாற்றிப் பார்த்துவிட்டு "டிவிதான் சார் போச்சு" என்று போய்விட்டார். பக்கத்து வீட்டில் கொண்டுபோய்ப் போட்டால் டிவி நன்றாக ஓடுகிறது. சரியாக அம்மாவின் சீரியல் நேரத்தில்தான் இது வருகிறது என்பதால் வீட்டில் என் நிலைமை உங்களுக்கே புரியும்.

பழைய ஒயர்மேன்:
தம்பி, இது இரண்டு தனித்தனி கோளாறு. வண்டு சத்தம் ரெகுலேட்டர். குமிழைத் திருகினால் வழுக்கிக்கொண்டே போகிற வகைதானே? அதற்குள் இருக்கிற ட்ரையாக் என்கிற எலக்ட்ரானிக் சுவிட்ச் கரண்டை வெட்டி வெட்டி விடும், நம் சப்ளை 50 ஹெர்ட்ஸ், சுற்றுக்கு இரண்டு வெட்டு, ஆக நொடிக்கு 100. ஃபுல்லில் வெட்டு அநேகமாக இல்லை, அதனால்தான் சத்தமும் இல்லை. டக் டக்கென்று படிப்படியாகத் திரும்பும் கெப்பாசிட்டர் ரெகுலேட்டர் போட்டுவிடு, தீர்ந்தது.
'சர்ர் படக்'தான் எனக்குப் பிடிக்கவில்லை. சீராக இல்லாமல் விட்டு விட்டு வந்தால் எங்கோ லூஸ் கான்டாக்டில் ஸ்பார்க் அடிக்கிறது. பேட்டரி ரேடியோ இருக்கிறதா? மீடியம் வேவில் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து, சத்தம் வரும் நேரத்தில் ஒவ்வொரு சுவிட்ச் போர்டு பக்கமும் கொண்டு போ, எங்கே கத்துகிறதோ அங்கே பார். அப்புறம் மெயின் போர்டில் ஒவ்வொரு லைனுக்கும் இருக்கிற சுவிட்சை, அதுதான் எம்.சி.பி., ஒவ்வொன்றாக இறக்கு. டிவி அணைந்தாலும் ரேடியோ சொல்லிவிடும்.

சும்மா வந்தவன்:
எங்கள் வீட்டில் டிவி ஹம் அடித்தது, பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றிவிட்டேன், சத்தமே இல்லை. இவ்வளவு எதற்கு அண்ணா?

பழைய ஒயர்மேன்:
ஹம் போகும், ஒருநாள் ஆளும் போவார். முதலில் அந்தப் பின்னைத் திரும்ப மாட்டுங்கள். ஃபேன் நிறுத்தியிருந்தும் சீராக ஹம் வந்தால், பாக்ஸுக்குப் பின்னால் வரும் கேபிளை மட்டும் உருவிப் பாருங்கள், நின்றுவிட்டால் வெளியிலிருந்து வரும் கேபிளின் வலைக்கம்பி வழியாக வருகிறது, கேபிள்காரரிடம் அந்த வழியைத் தடுக்கும் ஐசொலேட்டர் போடச் சொல்லலாம்.

வீட்டம்மா:
தஞ்சாவூர் தம்பி, மிக்ஸி போடும்போது சில விளக்கு மங்கி வேறு சில பளிச்சென்று ஏறுகிறதா? எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆரம்பித்தது, மெயின் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயர், லூஸ். மூன்று ஃபேஸ் சப்ளை என்றால் 230 இருக்க வேண்டிய இடத்தில் 400 வரைகூட ஏறலாம், ஃபிரிட்ஜ் முதல் எல்லாம் போகும். மீட்டர் பக்கம் என்றால் நீங்கள் கை வைக்காதீர்கள், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

தஞ்சாவூர்க்காரன்:
விளக்கு ஏறவில்லை அக்கா, நல்லவேளை. தாத்தாவின் ரேடியோவைத் தூசி தட்டி எடுத்தேன். ஹாலில் லேசாகக் கரகரத்தது, மாடிப்படி போர்டு அருகே போனதும் வாய்விட்டு அலறியது. அந்த எம்.சி.பி.யை இறக்கினேன், கப்சிப்.
எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டுத்தான் திறந்தார். நியூட்ரல் எங்கோ விட்டிருந்தால் அதிலும் டெஸ்டர் எரியும், அதனால் மெயினை அணைக்காமல் தொடமாட்டாராம். உள்ளே மூன்று நியூட்ரல் ஒயரை ஒன்றாக முறுக்கி ஒரே ஸ்க்ரூவில் சொருகியிருந்தார்கள். ஸ்க்ரூ லொடலொட என்று ஆடியது, ஒரு ஒயரின் உறை விரல் நீளத்துக்குப் பழுப்பாகிப் பொரிந்திருந்தது, தொட்டதும் அப்பளம் மாதிரி உதிர்ந்தது. போர்டுக்குப் பின்னால் மரக்கட்டையிலும் கருகல். நல்ல செம்பு வரும்வரை வெட்டி, தனித்தனிக் கனெக்டரில் போட்டு முடுக்கினார். அரை மணி நேர வேலை. 'படக்' போயே போச்சு, படமும் உடையவில்லை.

பழைய ஒயர்மேன்:
மற்ற போர்டுகளையும் ஒருமுறை திறந்து முடுக்கச் சொல், ஒரே கை செய்த வேலைதானே. ரெகுலேட்டர்?

தஞ்சாவூர்க்காரன்:
வாங்கிவிட்டேன், பழைய போர்டு ஓட்டையில் நுழையவில்லை. அதுவரை ஃபேன் ஃபுல்லில் ஓடுகிறது, அம்மா போர்வையைப் போர்த்திக்கொண்டு சீரியல் பார்க்கிறார்.