மறுமொழி: விலங்குப் பரிசோதனைக் கலைச்சொற்கள் – மூன்றாவது சொல்

வணக்கம் அண்ணை,

விலங்குப் பரிசோதனைக்கென 1959இல் ரசல், பேர்ச் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் இருவர் வகுத்த மூன்று நெறிகளுக்கு நீங்கள் தந்த சொற்களில் முதல் இரண்டும் எனக்குச் சம்மதம். விலங்கில்லாத வழியைக் காண்பது 'பதிலீடு', விலங்குகளின் எண்ணிக்கையைச் சுருக்குவது 'குறைப்பு'. விலங்கு படுகிற துன்பத்தைக் குறைப்பதற்கு மூன்றாவதாக நீங்கள் இட்ட 'செம்மையாக்கம்' இடிக்கிறது. செம்மையாவது எது? ஆய்வுமுறை என்றுதான் படிக்கிற பிள்ளை நினைக்கும். 'நோவுத்தணிப்பு' என்று போடுவோம்.

எங்கட வன்னியையே எடுங்கோ. வயலில் அரிவு வெட்டுக்கு இறங்குகிற சனத்தைக் கண்ணாடிப் புடையன் (கண்ணாடி விரியன்) பாம்பு கடிக்கிறது. ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற விஷமுறி மருந்து, குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சேற்றி அதன் இரத்தத்திலிருந்து எடுப்பது. அந்த மருந்தின் வலுவை அறிய, அதை நஞ்சோடு கலந்து 37 பாகை வெப்பத்தில் அரை மணித்தியாலம் வைத்துச் சுண்டெலிகளுக்கு ஊசி போடுகிறார்கள். பிறகு எத்தனை பிழைத்தன என்று எண்ணுவார்கள். மருந்து போதாமற்போன எலிகள் அதே நஞ்சால்தான் சாகின்றன. முன்கூட்டியே அவற்றுக்கு வலிநிவாரணி கொடுப்பதும், இனித் தேறாது என்று கண்டதும் தானாகச் சாகும்வரை விடாமல் நோவின்றி முடித்துவிடுவதும் மூன்றாவது நெறி. இதைச் 'செம்மையாக்கம்' என்றெழுத எனக்கு மனம் வரவில்லை.

கடிபட்ட ஆளுக்கு மருந்து வேண்டும், அதில் இரண்டு பேச்சில்லை. அதற்காக எலி படுகிற பாட்டைச் சொல்லாமல் விடலாமா?

பதிலீட்டுக்கும் இதே மருந்தில் நல்ல உதாரணம் உண்டு. கடிபட்டவரின் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்ப்பார்கள் அல்லவா? புடையன் நஞ்சு, இரத்தத்தைக் கட்டியாக்கும் உறைவுக் காரணிகளைத் தின்று தீர்த்திருந்தால் இரத்தம் உறையாமல் ஓடும். நஞ்சின் அந்த வேலையை மருந்து எவ்வளவு தடுக்கிறது என்பதையும் குழாயிலேயே அளக்கலாம், எலி வேண்டாம். எட்டடி விரியன் (கட்டுவிரியன்) பாம்புக்கு இது சரிவராது; அதன் நஞ்சு தாக்குவது நரம்பை.

---

தங்கச்சி,

எலிக்குக் கூடு கட்டப் பஞ்சு போடுவது, தனியே அடைக்காமல் சோடியாக விடுவது எல்லாம் மூன்றாவது நெறிக்குள் வரும். அங்கே நோவு எங்கே இருக்கிறது? 'வருத்தம் தணித்தல்' பொருந்தாதா?

---

அண்ணை,

வருத்தம் என்றால் எங்கட சனம் காய்ச்சல், தடிமன் என்றுதான் எடுக்கும். நோவு உடம்போடு நிற்பதில்லை. 'மனம் நோகுது' என்று நாள்தோறும் சொல்கிறோமே. ஒரு குறிப்பும் சேர்த்து இப்படி இடுங்கோ:

நோவுத்தணிப்பு – ஆய்வில் விலங்கைப் பயன்படுத்தியே ஆகவேண்டிய இடத்தில் அதன் வலி, அச்சம், அடைபட்ட வாழ்வின் துன்பம் ஆகியவற்றைக் குறைக்கும் முறைகள்.