துரு வேலை முதல்லயா, எஞ்சின் முதல்லயா?
ரொம்ப நாளா ஷெட்ல தூங்குன பழைய காரை இப்பதான் கையில எடுத்தேன், டிரைவர் சைடு மேட்டை தூக்கி ஸ்க்ரூடிரைவரால லேசா குத்துனா ஃப்ளோர் தகடு அப்பளம் மாதிரி நொறுங்குது, வெளிய பெயிண்ட் மட்டும் பளபளன்னு இருக்கு, அதான் கடுப்பு. வெட்டி எடுத்துட்டு புது தகடு வெல்டிங் பண்ணிக்கிறேன், பட்டி பூசி மூடுற ஐடியா இல்ல.

சிக்கல் என்னன்னா எஞ்சின் மவுண்ட் (எஞ்சினைத் தாங்குற பிடி) உக்கார்ற இடத்துலயும் துரு. கார்புரேட்டர் எஞ்சினை இறக்கிட்டு இன்ஜெக்‌ஷன் எஞ்சின் ஏத்தப் போறேன், 3 பார் கிட்ட பிரஷர் தர்ற ஃப்யூயல் பம்பு, வயரிங், ஈசியூ (எஞ்சினை கண்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) எல்லாம் மாத்தணும்னு தெரியும். ஆனா பழைய கியர்பாக்ஸ் பொருந்தலன்னா நடுவுல வச்சு ரெண்டையும் இணைக்கிற அடாப்டர் பிளேட் போதுமா, இல்ல கியர்பாக்ஸையும் சேர்த்தே மாத்திடவா? ஃப்ளோர் வெட்டும்போது பாடி வளையாம இருக்க உள்ள குறுக்க பைப் கட்டணுமா? செஞ்சு பார்த்தவங்க கொஞ்சம் சொல்லுங்கப்பா.