புதுப்பிப்பு: பழைய எண்ணெய் கலந்த டீசலும் அடைபடும் ஃபில்டரும்

பொரித்து மிஞ்சிய எண்ணெயை 20 சதவீதம் டீசலில் கலந்து பழைய லாரி இன்ஜினை ஓட்டுவது பற்றி முன்பு எழுதியிருந்தேன். ஃபில்டர் ஏன் அடிக்கடி அடைக்கிறது என்று பலர் கேட்டதால் இந்தத் தொடர்ச்சி.

பெரும்பாலும் காரணம் கருகல் துகள் அல்ல. தண்ணீரும் உறையும் கொழுப்பும்தான். எண்ணெயை 60 டிகிரிக்குச் சூடாக்கி, இரண்டு நாள் அசைக்காமல் வைத்து, அடியில் தங்குவதைத் திறந்துவிடுங்கள். சூடான வாணலியில் சில சொட்டு விட்டால் படபடவென்று வெடிக்கிறதா? இன்னும் நீர் இருக்கிறது. முழுக்க ஆறிய பிறகே 5 மைக்ரான் நுண்துளை வடிகட்டியில் வடிகட்டுங்கள். சூட்டோடு வடித்தால் உருகிய கொழுப்பும் சேர்ந்து இறங்கி, விடியற்காலைக் குளிரில் லாரி ஃபில்டருக்குள் உறையும். அவசரப்படுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

இன்ஜின் ஆயிலை வழக்கமான இடைவெளியில் பாதியிலேயே மாற்றுங்கள். எரியாத எண்ணெய் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்கி ஆயிலைக் கூழாக்கும். டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறினால் உஷார். எண்ணெய் போகும் வழியில் செப்புக் குழாய் வேண்டாம், செம்பு பட்டால் எண்ணெய் சீக்கிரம் பிசினாகும். காமன் ரெயில் (மிக உயர் அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் புதிய வகை) இன்ஜினா? கலக்கவே வேண்டாம். 40 டிகிரியிலும் இந்த எண்ணெய் டீசலைவிட ஏறத்தாழ பத்து மடங்கு கெட்டி. அந்த நுண்ணிய இன்ஜெக்டர்கள் தாங்காது.