கோலப்பொடியில் ஒரு கடற்கரை

உப்புக்காற்று, புதுச்சேரி:

போன வருடம் ஒரு புகைப்படப் பரிசுக்குப் படங்கள் அனுப்பினேன். வளர்ந்துவரும் கலைஞர்களுக்கான பரிசு. 'உங்கள் நாட்டின் எதிர்காலத்தைக் கற்பனை செய்யுங்கள்' என்பது தலைப்பு. எதிரே இருப்பதைத்தானே கேமரா எடுக்கும், இன்னும் வராததை எப்படி எடுப்பது என்று இரண்டு வாரம் சும்மாவே சுற்றினேன்.

இங்குள்ள மீனவக் குப்பமான வைத்திக்குப்பத்தில் வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்தான் வழி விட்டார். பேச்சுவாக்கில், கரையோரம் கொட்டிவைத்த கருங்கல்லுக்கு அப்பால் அலை புரளும் இடத்தைக் காட்டி, "அங்கதாம்பா கபடி ஆடுவோம், வலை காயப்போடுவோம்" என்றார். 1980களின் கடைசியில் துறைமுக முகத்துவாரத்தில் அலைத்தடுப்புச் சுவர் வந்தது. தெற்கேயிருந்து வரும் மணல் அங்கேயே தேங்கிவிட, வடக்கேயுள்ள குப்பங்கள் கரையை இழந்தன. ஊரறிந்த கதைதான். ஆனாலும் அவர் விரல் நீட்டிய இடத்தில் வெறும் தண்ணீரைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

தெருவில் வீடு வீடாகக் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, அடுத்த ஞாயிறு ஒரு கிலோ கோலப்பொடியோடு போனேன். "நீங்க தாத்தா பாட்டி ஆகும்போது கடல் எதுவரைக்கும் இருக்கும்? அங்க ஒரு கோடு போடுங்க" என்றேன் பிள்ளைகளிடம்.

ஒரு பையன் யோசிக்கவே இல்லை. நேரே தன் வீட்டு வாசலுக்குப் போனான். காற்றில் பொடி பறந்ததால் இடது கையை அணையாக வைத்துக்கொண்டு, வலது கையால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். கேமராவைத் தூக்கினேன். அவன் அம்மா வெளியே வந்து, "வாசல்ல அப்படிப் போட்டு வெக்காதீங்க தம்பி" என்றார். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கி நானே கழுவிவிட்டேன். அந்தப் படம் என்னிடம் இல்லை. எடுக்காமல் விட்டதுதான் சரி.

ஏழாவது படிக்கும் பெண் ஒருத்தி கருங்கல் மேல் ஏறிவிட்டாள். பெரியவர் பதறிப்போய்ப் பின்னாலேயே போனார். அலை தெறிக்கும் கல்லில் மிச்சப் பொடியைக் கொட்டிவிட்டு, கடலுக்குள் கை நீட்டி, "என் கோடு இன்னும் தள்ளி இருக்கு, தண்ணியில போட முடியலண்ணா" என்றாள். ஏன் என்றேன். "காந்தி சிலைகிட்ட மணல் திரும்பி வந்துச்சுல்ல?"

வந்ததுதான். 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் எஃகுத் திட்டு ஒன்றை இறக்கினார்கள். அப்புறம்தான், கல்லாகவே நாம் பார்த்துப் பழகிய இடத்தில் மணல் சேர்ந்தது. எனக்கு அது செய்தி. அவளுக்கு விளையாடிய இடம்.

பத்துப் படங்கள் அனுப்பினேன். பரிசு கிடைக்கவில்லை.

முந்திரிக்காடு, கடலூர்:

இதே மாதிரித் தலைப்புக்கு நானும் ஒருமுறை முயன்றேன். 2011 டிசம்பர் 30 'தானே' புயலில் எங்கள் முந்திரித்தோப்பு ஒரே இரவில் சாய்ந்தது. வேரோடு கிடந்த மரங்களைத்தான் எடுத்து வைத்திருந்தேன். பார்த்த அண்ணன் ஒருவர், "இதெல்லாம் நடந்து முடிஞ்சது. வரப்போறது எங்க?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. அப்பா விருத்தாசலத்திலிருந்து ஒட்டுக்கன்று வாங்கி வந்து, விழுந்த மரங்களுக்கு நடுவிலேயே குழி எடுத்தார். பக்கத்தில் நின்றும் ஒரு படம் எடுக்கவில்லையே என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது. இப்போது அவை காய்க்கின்றன.

அந்தப் பெண்ணுக்குப் படத்தைக் கொடுத்தீர்களா?

உப்புக்காற்று, புதுச்சேரி:

கொடுத்தேன். பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பெரியவருக்கும் ஒன்று. அவள் படத்தை அதிகம் பார்க்கவில்லை. திருப்பி வைத்து, "பின்னாடி தேதி எழுதுங்கண்ணா, அப்பதான் சரிபார்க்க முடியும்" என்று பேனாவை நீட்டினாள்.