டர்போ போட்ட பின்சக்கர காரும் மைனஸ் 20 டிகிரியும்: ஓட்டுபவர்களின் அனுபவங்கள்

மாண்ட்ரியலிலிருந்து

என் சுபாரு பிஆர்இசட்டைப் பார்க்கிற அக்கம்பக்கத்தார் எல்லாரும் ஒரே ஆறுதலைத்தான் சொல்கிறார்கள்: "சுபாருதானே, நாலு சக்கரமும் இழுக்கும், உனக்கென்ன கவலை?" அந்தக் கம்பெனியின் மற்ற கார்களுக்கு அது பெரும்பாலும் சரி. இது டொயோட்டாவோடு சேர்ந்து உருவாக்கிய கார். இன்ஜின் முன்னால் இருந்தாலும் பின்சக்கரங்கள் மட்டும்தான் வேலை செய்யும். போதாததற்கு நான் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ கிட் வேறு போட்டிருக்கிறேன். இதை வைத்துக்கொண்டு ஜனவரியிலும் வேலைக்குப் போய் வருகிறேன்.

எல்லாரும் பின்சக்கர இழுவையை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். என்னைப் படுத்தியது அது இல்லை. கோடைக்காக ஆசை ஆசையாக மாற்றிய ஒவ்வொரு உதிரியும்தான் குளிரில் எதிராகத் திரும்பியது.

டயரில் கியூபெக் நமக்கு யோசிக்கவே இடம் தருவதில்லை. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். பக்கச்சுவரில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் பனித்துகளும் இருக்கிற முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும். நான் டிசம்பர் வரை காத்திருப்பதில்லை. காலையில் 7 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கினாலே கோடை டயரின் ரப்பர் விறைத்துவிடும். மழையும் இல்லாமல் பனியும் இல்லாமல், காய்ந்த சாலையிலேயே இரண்டாம் கியரில் வால் ஆடும். கோடையில் 245 மில்லிமீட்டர் அகலம் ஓடுகிறது, குளிருக்கு 205 தான். அகலமான டயர் பனியின் மேல் மிதக்கப் பார்க்கும், குறுகலானது வெட்டிக்கொண்டு கீழே போகும். 16 அங்குல ரிம் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும், செலவும் குறைவு. ஆனால் பெரிய பிரேக் மாட்டியிருப்பதால் அது உள்ளே போகாது. கோடையில் செய்த செலவுக்குக் குளிரில் வட்டி கட்டுவது இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

அடுத்தது டியூன், அதாவது இன்ஜின் கணினியின் அமைப்பு. மைனஸ் 20 டிகிரி காற்று 25 டிகிரி காற்றைவிட ஏறக்குறைய 18 சதவீதம் அடர்த்தி அதிகம். டர்போ தள்ளும் அதே அழுத்தத்தில் (பூஸ்ட்) கூடுதல் காற்று உள்ளே போகும், டார்க்கும் (சக்கரத்தைத் திருப்பும் விசை) கூடும். பிடிப்பே இல்லாத நாளில்தான் இன்ஜின் அதிகம் தர ஆசைப்படுகிறது. அதனால் எனக்குத் தனியாகக் குளிர்கால மேப் இருக்கிறது. பூஸ்டை, அதைக் கட்டுப்படுத்தும் வால்வின் (வேஸ்ட்கேட்) ஸ்பிரிங் அனுமதிக்கும் அடிமட்டத்துக்கு இறக்கி, பெடலின் முதல் பாதியை மந்தமாக்கியிருக்கிறோம். திராட்டில் எலக்ட்ரானிக் என்பதால் இது லேப்டாப்பிலேயே முடிகிற வேலை. டியூன் செய்பவரிடம் கேட்டால் சிரித்துவிட்டுச் செய்து கொடுப்பார்.

ஆயில் கூலரைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை என்று தெரியவில்லை. கூலன்ட் முள் பத்து நிமிடத்தில் நடுவுக்கு வந்துவிடும், நாமும் இன்ஜின் சூடாகிவிட்டது என்று நம்பிவிடுவோம். ஆயில் அப்போதும் பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்துதான் கிடக்கும். தெர்மோஸ்டாட் (ஆயில் சூடான பிறகே கூலருக்கு விடும் வால்வு) இல்லாத பிளேட் வழியாகக் கூலர் மாட்டியிருந்தால், மைனஸ் 15இல் நெடுஞ்சாலையில் போகும்போது ஆயில் சூடாகவே விடாது. ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறச் சூடு வேண்டும். தெர்மோஸ்டாட் உள்ள பிளேட்டாகப் பார்த்து வாங்குங்கள். அதுவரை கூலரின் முன்னால் ஓர் அட்டையைக் கட்டிவிடுங்கள். ஆயில் சூடு காட்டும் தனி மீட்டர் இல்லாமல் குளிரில் டர்போ கார் ஓட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஓட்டுவதில் ஒன்றே ஒன்று: கியரைக் குறைத்து கிளட்சைப் படாரென்று விடாதீர்கள். பிரேக் போட்டால் ஏபிஎஸ் காப்பாற்றும். இன்ஜின் பிரேக் பின்சக்கரத்தைப் பிடித்து இழுத்தால் ஏபிஎஸ்ஸால் எதுவும் செய்ய முடியாது. எடை குறைந்த ஃபிளைவீல் (இன்ஜின் சுழற்சியைச் சீராக வைக்கும் சக்கரம்) போட்டவர்கள் இதில் இரட்டிப்பு கவனமாக இருக்க வேண்டும். கைக்குப் பழக வேண்டுமென்றால் நகரத்துக்கு வடக்கே நோத்ர்-டாம்-டி-லா-மெர்சியில் மெக்காகிளிஸ் என்ற பனிப் பயிற்சித் தடம் இருக்கிறது. காலியான பார்க்கிங்கில் சுற்றி போலீஸிடம் மாட்டுவதைவிட அது மலிவு.

ஸ்கார்பரோவிலிருந்து

தம்பி சொன்னதெல்லாம் சரி, ஆனால் நான் மற்றப் பக்கம். என்னிடம் இருப்பது நிசான் 350இசட். ஒரு குளிர்காலம் முழுக்க ஓடினேன், அதற்குப் பிறகு கராஜில் நிறுத்திவிடுகிறேன். வழுக்கலுக்குப் பயந்து அல்ல. ஒன்ராறியோவில் விண்டர் ரயர் கட்டாயமில்லை, ஆனால் பூட்டினால் காப்புறுதிக்காரர் கட்டணத்தில் கழிவு தர வேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது. நல்ல ரயர் நாலும் பூட்டினால் 401 நெடுஞ்சாலையில் பயமில்லாமல் போய் வரலாம்.

என்னை நிறுத்த வைத்தது உப்பு. கொயிலோவரின் (உயரம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன்) மரையெல்லாம் வெள்ளையாகப் பூத்து இறுகிப்போய்விட்டது. வசந்தத்தில் உயரத்தைக் கூட்டலாம் என்று போனால் வளையம் அசையவே இல்லை. இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாதது: உப்போடு வந்த காரைச் சூடான கராஜில் விடுவது வெளியில் குளிரில் விடுவதைவிட மோசம். உறைந்திருக்கும்போது துரு மெதுவாகத்தான் பிடிக்கும், உருகி ஈரமாக நின்றால் ஓடிப்பிடிக்கும். கழுவிக் காய வைத்து நிறுத்துங்கள். பெற்றோலை நிரப்பி, பற்றரிக்குச் சார்ஜ் இறங்காமல் வைக்கும் மெயின்ரெய்னர் கொழுவி, சைலன்சர் வாயில் இரும்புக் கம்பளியை அடைத்து விடுங்கள். எலி கூடு கட்டினால் வயரிங்குக்கு ஆகும் செலவில் இன்னொரு செட் ரயர் வாங்கலாம்.

எடை குறைவு என்று லிதியம் பற்றரி போட்டவர்களுக்கும் ஒரு சொல். கடும் குளிரில் அது ஸ்ராட் எடுக்க மறுக்கும். பழைய ஈய பற்றரியைத் திரும்பப் போடுங்கள்.

சப்போரோவிலிருந்து

நான் வேலை நிமித்தமாக ஹொக்கைடோவில் இருக்கிறேன். கார் நிசான் சில்வியா எஸ்15. இங்கே ஆணி டயர் கிடையாது. தார்ச்சாலையைச் சுரண்டிக் கிளப்பிய தூசுக்காக 1990இல் சட்டம் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். அதன் பின்விளைவு சிக்னல்களில் தெரியும். எல்லாரும் ஆணியில்லாத டயரில் நின்று கிளம்பி, நின்று கிளம்பி, பனியைப் பளபளவென்று தேய்த்து வைத்திருப்பார்கள். பச்சை விழுந்தால் முதலில் கிளம்புவது எப்போதும் பக்கத்தில் இருக்கிற, நாலு சக்கரமும் இழுக்கும் குட்டி டப்பாதான்.

என்னிடம் டிரிஃப்டுக்காக (வேண்டுமென்றே வாலைச் சறுக்கி ஓட்டுவது) போட்ட பிளேட் எல்எஸ்டி, அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் சேர்ந்து சுழல வைக்கும் டிஃபரென்ஷியல், இருந்தது. அப்படி இறுக்கமான எல்எஸ்டி பனியில் உதவும் என்று பலர் நினைக்கிறார்கள். நேராகப் போவதற்கு உதவும். ஆனால் இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுழன்றால் பக்கவாட்டுப் பிடிப்பே போய்விடும். சாலை எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் வால் நழுவும். வடிகால் நடுவிலிருந்து ஓரத்துக்கு என்பதால் அது எப்போதும் நடைபாதை ஓரம்தான். பிளேட்டுகளை இறுக்கி வைக்கும் ப்ரீலோடைக் குறைத்துக் கட்டச் சொன்னேன், இரண்டாம் கியரில் கிளம்பப் பழகினேன். இப்போது பரவாயில்லை.

மாண்ட்ரியல் நண்பரின் காரில் இருக்கும் டோர்சனுக்கு (பல்சக்கரங்களால் இயங்கும் எல்எஸ்டி) நேரெதிர்ப் பிரச்சினை இருக்குமே?

மாண்ட்ரியலிலிருந்து, மறுபடியும்

இருக்கிறது. ஒரு சக்கரம் சுத்தப் பனிக்கட்டியில் நின்றால் டோர்சன் கையை விரித்துவிடும். ஒரு பக்கத்துப் பிடிப்பைப் பெருக்கி மற்றதற்குக் கொடுப்பதுதான் அதன் வேலை. பூஜ்ஜியத்தைப் பெருக்கினால் பூஜ்ஜியம்தான். ஹேண்ட்பிரேக்கை ஒன்றிரண்டு கிளிக் இழுத்துக்கொண்டு மெதுவாகப் பெடலை அழுத்தினால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். மாட்டிக்கொண்ட நேரத்தில் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அது பவரை வெட்டிக்கொண்டே இருக்கும். நகர்ந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்கள்.

தாழ்த்திய காருக்கு உண்மையான எதிரி தெருவில் இல்லை, வீட்டு வாசலில். பனி வாரும் வண்டி போன பிறகு வாசலை மறித்து ஒரு வரப்பு நிற்கும். முன் பம்பரின் கீழ் லிப்பால் அதைத் தள்ளப் பார்க்காதீர்கள், அடுத்த நாளுக்குள் அது கல்லாகியிருக்கும். மண்வெட்டிதான் வழி.

டிக்கியில் மணல் மூட்டை வைக்கலாமா என்று தனியாகக் கேட்டிருந்தார் ஒருவர். பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே, அசையாமல் கட்டி வைத்தால் கொஞ்சம் உதவும். கடைசியில் கொண்டுபோய்ப் போட்டால் வால் ஆடத் தொடங்கிய பிறகு அதுவே இழுத்துச் சுழற்றும். நான் சின்ன மூட்டை ஒன்று வைத்திருக்கிறேன், அதுவும் எடைக்காக அல்ல, மாட்டிக்கொண்டால் டயருக்கு முன்னால் தூவ.

கேட்ச் கேன் (இன்ஜினிலிருந்து வரும் ஆயில் ஆவியைப் பிடிக்கும் டப்பா) வைத்திருக்கிற டர்போக்காரர்களுக்குச் சொல்ல விட்டுப்போனது: குறைந்த தூரம் ஓடும் கார்களில் ஆயில் ஆவியோடு வரும் ஈரம் அதில் சேர்ந்து, மோர் நிறத்தில் கெட்டியாகி, உறைந்து குழாயை அடைத்துவிடும். உள்ளே அழுத்தம் ஏறினால் டிப்ஸ்டிக் கழன்று பானட் முழுக்க ஆயில் தெறிக்கும், சமயத்தில் சீலே போய்விடும். கோடையில் ஆயில் மாற்றும்போது பார்த்தால் போதும். ஜனவரியில் ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் திறந்து கொட்டிவிடுங்கள்.