ஹெட் போல்ட்டை ஒவ்வொன்றாக மாற்றலாமா, ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டுமா?

ரம்பொடை ஈவோ:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது லான்சர் ஈவோ 6, 4ஜி63 டர்போ எஞ்சின். இருப்பது நுவரெலியாவில். போன மாதம் இரண்டு தடவை ரம்பொடை ஏற்றத்தில் கூலன்ட் டப்பா நிரம்பி வழிந்தது. டர்போ உள்ளே தள்ளுகிற காற்றழுத்தத்தை, அதாவது பூஸ்ட்டை, 1.5 பார் வரை கூட்டியிருக்கிறேன், அதனால் ஹெட் (சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக இருக்கும் பாகம்) கீழே உள்ள ப்ளொக்கை விட்டு லேசாகத் தூக்குகிறது என்பது என் எண்ணம். ஹெட்டைப் பிடிக்கும் போல்ட்டுக்குப் பதிலாகப் போட ஏஆர்பி கம்பெனியின் ஸ்டட் (தலையில்லாமல், மேலே நட் போட்டு இறுக்குகிற தண்டு) செட் ஒன்று கைக்கு வந்துவிட்டது. வால்வ் கவரைத் திறந்து, பழைய போல்ட் ஒன்றை எடுத்து அந்த இடத்தில் ஒரு ஸ்டட், பிறகு அடுத்தது என்று பத்தையும் மாற்றிவிட்டால் ஹெட்டையும் டைமிங் பெல்ட்டையும் தொடாமலே வேலை முடிந்துவிடும். வீட்டு முற்றத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழேதான் செய்யப் போகிறேன். டோர்க் ரெஞ்ச் (குறித்த முறுக்கு வந்ததும் ‘கிளிக்’ என்கிற ஸ்பேனர்) இரவல். இப்படி யாராவது செய்திருக்கிறீர்களா?

ஹட்டன் லெவின்:
செய்திருக்கிறேன் மச்சான், சிநேகிதனுடைய 4ஜி63இல். இரண்டு வருடமாக ஓடுகிறது. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றை எடுக்கும்போது மற்ற ஒன்பதும் ஹெட்டைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும், ஹெட்டுக்கும் ப்ளொக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற காஸ்கட் எங்கே ஓடப் போகிறது? பத்தும் முடிந்த பிறகு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வரிசைப்படி இன்னொரு தடவை டோர்க்கைச் சரிபார். ஹெட்டைத் திறந்தால்தான் வம்பு. டைமிங் பெல்ட் ஒரு பல் தவறினால் இந்த எஞ்சினில் வால்வ் போய் பிஸ்டனில் இடிக்கும். பனியில் கை விறைத்துப்போய், டோர்ச் வெளிச்சத்தில் பெல்ட் போடுவதைவிட பத்து ஸ்டட் மாற்றுவது ஆயிரம் மடங்கு பத்திரம்.

கண்டி லேத்காரன்:
தம்பி, லெவின் சொல்வதைக் கேட்டு அவசரப்படாதீர்கள். நீங்களே சொல்கிறீர்கள், ஹெட் தூக்குகிறது என்று. தூக்கியது உண்மையானால் காஸ்கட் ஏற்கனவே அடிபட்டிருக்கும். அதன்மேல் எவ்வளவு நல்ல ஸ்டட் போட்டு இறுக்கினாலும் புண்ணுக்கு மேல் பட்டுத்துணி சுற்றியது மாதிரிதான். தூக்கவில்லை என்றால் எதற்காக இந்த வேலை?

இன்னொன்று. துளையைப் பார்க்காமல் ஸ்டட் இறக்கக் கூடாது. போல்ட்டை உருவும்போது மேலே தேங்கியிருக்கும் ஒயில் வடிந்து துளைக்குள் இறங்கும். அடி மூடிய துளையாக இருந்தால் அந்த ஒயிலுக்குப் போக வழியில்லை. மேலிருந்து இறுக்க இறுக்க அது ஜாக்கி மாதிரி ப்ளொக்கைப் பிளக்கும். அப்படிப் பிளந்த ப்ளொக் ஒன்று என் பட்டறை மூலையில் இன்னும் கிடக்கிறது. அந்த ஆளும் ‘ஒவ்வொன்றாக’ செய்தவர்தான். பிளக்காவிட்டாலும் டோர்க் ரெஞ்ச் பொய் சொல்லும், ஒயிலை அமுக்குகிற பலத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு சீக்கிரமே ‘கிளிக்’ என்றுவிடும்.

பதுளை சிவிக்:
எனக்கு ஒரு சந்தேகம். போல்ட்டை எதற்கு மாற்ற வேண்டும்? என் ஹோண்டா பி16 எஞ்சினில் மூன்று தடவை ஹெட் கழற்றிப் பூட்டினேன், மூன்று தடவையும் அதே பழைய போல்ட்தான். ஒன்றும் ஆகவில்லை. இந்த ஸ்டட் எல்லாம் பொனட்டைத் திறந்து காட்டுவதற்கு.

ஹட்டன் லெவின்:
வால்வ் கவருக்குக் கீழே இருக்கிறதை எப்படித் திறந்து காட்டுவது?

கண்டி லேத்காரன்:
சிவிக் தம்பி, உங்கள் போல்ட் வேறு வகை. பி16இல் முதலில் 29 நியூட்டன் மீட்டர், பிறகு 85, அதோடு சரி. அந்த போல்ட் ரப்பர் பட்டி மாதிரி, இழுத்துவிட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். 4ஜி63இல் முறையே வேறு. 78க்கு இறுக்கி, முழுவதுமாகத் தளர்த்தி, மறுபடி 20க்கு இறுக்கி, அதற்குப் பிறகு 90 பாகை, இன்னொரு 90 பாகை. கடைசி இரண்டுக்கும் ரெஞ்ச்சில் எண் இல்லை, கோணம் மட்டும்தான். 90க்குக் குறைந்தால் பிடிமானம் போதாது. கூடிவிட்டால் தளர்த்தி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது மிட்சுபிஷி புத்தகத்தில் இருக்கிறது. இப்படிக் கோணத்தில் இறுக்குகிற போல்ட் மீளாத அளவுக்குக் கொஞ்சம் நீளும். அதனால்தான் அளந்து பார்க்கச் சொல்கிறார்கள்: தலைக்குக் கீழே 99.4 மில்லிமீட்டருக்கு மேல் போனால் தூக்கிப் போட வேண்டும்.

கோணம் ஏன் என்றால், நாம் கொடுக்கிற டோர்க்கில் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கப் போகிறது. மிச்சம் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வாகவே செலவாகிறது. மரையில் துரு இருந்தால் ஒரு கணக்கு, ஒயில் இருந்தால் வேறு கணக்கு.

ஹட்டன் லெவின்:
அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். என் டொயோட்டா 4ஏஜிஇ எஞ்சினும் 29 நியூட்டன் மீட்டர், பிறகு 90, பிறகு 90தான். போல்ட் தலையில் முன்பக்கமாக ஒரு பெயின்ட் புள்ளி வைத்து, அது பின்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஆனால் நாம் பேசுவது ஸ்டட் பற்றி, அதற்குக் கோணமே கிடையாது. ப்ளொக்கில் கையால் திருகி உட்காரவைத்து, அவர்கள் கொடுக்கிற பசையை நட்டுக்குத் தடவி, மூன்று கட்டமாக அவர்கள் சொல்கிற டோர்க். போல்ட்டை இறுக்கும்போது அது முறுகிக்கொண்டே இழுபடுகிறது. ஸ்டட் பெரும்பாலும் நேராக இழுபடும். அந்த நன்மை ஹெட்டைக் கழற்றினாலும் ஒன்றுதான், கழற்றாவிட்டாலும் ஒன்றுதான். துளையில் ஒயில் என்றால் சின்னக் குழாய் வைத்து உறிஞ்சி எடு, காற்று அடி. முடிந்தது.

பெக்டரி ஃபிட்டர்:
நான் தலவாக்கலைப் பக்கம் டீ பெக்டரியில் 34 வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வெடுத்தவன். ஈவோ ஓட்டியதில்லை, ஓட்டச் சொன்னாலும் மாட்டேன். ஆனால் எல்லோரும் மருந்தைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள், நோய் என்னவென்று யாரும் கேட்கவில்லையே.

ஈவோ தம்பி, ரேடியேட்டருக்குள் இருப்பது கூலன்டா, வெறும் தண்ணீரா? ரேடியேட்டர் மூடி எத்தனை வயது?

ரம்பொடை ஈவோ:
உண்மையைச் சொல்கிறேன் ஐயா. முதல் தடவை வழிந்த பிறகு குறைந்ததற்குத் தண்ணீர்தான் ஊற்றினேன். இரண்டாவது தடவையும் அப்படித்தான். மூடி கார் வாங்கும்போது இருந்ததே.

பெக்டரி ஃபிட்டர்:
அப்படியானால் கேளுங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். உங்கள் வீட்டில் பருப்பு வேக நேரம் எடுப்பது அதனால்தான். 1.1 என்று அழுத்த அளவு போட்ட நல்ல மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் 118 பாகை அளவு வரைக்கும் கொதிக்காது. மூடியின் ரப்பர் போய்விட்டால் அந்த அழுத்தம் இல்லை. டர்போ எஞ்சின் ஏற்றத்தில் 95 பாகையை எட்டுவது ஒரு பெரிய விஷயமா? கொதித்து, டப்பாவை நிரப்பி, வழியும். ஹெட் ஒரு மயிரிழைகூடத் தூக்கியிருக்கத் தேவையில்லை.

காலையில் எஞ்சின் பச்சைக் குளிரில் இருக்கும்போது ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள். சூடாகும் முன்பே கல் மாதிரி இறுகினால் சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் வருகிறது. அப்புறம் அந்த நீலத் திரவச் சோதனை இருக்கிறதே, ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்ப்பது, அதையும் செய்யுங்கள். நீலம் மஞ்சளாக மாறினால் லேத்காரர் சொல்வதுதான் சரி.

பதுளை சிவிக்:
மூடியா?! 1000 சிசி மாருதிக்குச் சொல்கிற வைத்தியம்.

பெக்டரி ஃபிட்டர்:
மாருதிக்கும் மிட்சுபிஷிக்கும் தண்ணீர் ஒரே மாதிரித்தான் கொதிக்கிறது தம்பி.

ரம்பொடை ஈவோ:
சோதித்துவிட்டேன். ஹோஸ் இறுகவில்லை. திரவம் நீலமாகவே இருந்தது, மூன்று தடவை பார்த்தேன். மூடியின் ரப்பர் ஒரு பக்கம் கிழிந்து தொங்குகிறது. ஐயாவுக்கு ஒரு பெரிய நன்றி.

ஆனால் ஸ்டட் செட் வாங்கிவிட்டேனே! ஏப்ரலில் மகாகஸ்தோட்டை ஹில் கிளைம்ப் என்கிற மலையேற்றக் கார்ப் பந்தயத்துக்குப் போகிற ஆசையும் இருக்கிறது. 1934இலிருந்து நடக்கிற ஓட்டம், வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஒரு தடவையாவது ஏற வேண்டாமா? அங்கே போனால் பூஸ்ட் 1.5இல் நிற்காது.

கண்டி லேத்காரன்:
காஸ்கட் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. நன்றாக இருப்பதைக் கிளறுவானேன்? வெறும் ஆசைக்காக என்றால் என் பதில்: விட்டுவிடுங்கள். இல்லை, பூஸ்ட்டைக் கூட்டியே தீருவேன் என்றால் முழுதாகச் செய்யுங்கள். ஹெட்டைக் கழற்றி, அடிப்பரப்பு வளைந்திருக்கிறதா என்று நேர்க்கோல் வைத்து, 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் தகடு நுழைகிறதா பார்த்து, புது காஸ்கட், அப்புறம் ஸ்டட்.

பெல்ட் போடுவது பற்றி லெவின் பயமுறுத்துவதும் கொஞ்சம் மிகை. வால்வைத் திறக்கிற கேம் இரண்டு, பிஸ்டன் சுற்றுகிற கிராங்க், ஒயில் பம்ப், நாலு குறியும் நேரே நிற்க வேண்டும். தவறுவது ஒயில் பம்பில்தான், ஏனென்றால் எஞ்சின் அதிர்வைக் குறைக்கிற பேலன்ஸ் ஷாஃப்ட் அதோடு சுற்றுகிறது. குறி நேராக இருந்தும் ஷாஃப்ட் அரைச் சுற்று மாறி நிற்கலாம். ப்ளொக்கின் பக்கத்தில் ஒரு பிளக் இருக்கும், அதைக் கழற்றி 8 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஸ்க்ரூ டிரைவரை விடுங்கள். 60 மில்லிமீட்டருக்குக் குறையாமல் உள்ளே போனால் சரி. 20, 25இல் முட்டி நின்றால் ஒயில் பம்ப் பல்சக்கரத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பப் பாருங்கள். பெல்ட் போட்டு முடியும் வரைக்கும் அந்த ஸ்க்ரூ டிரைவர் அங்கேயே இருக்கட்டும்.

ஹட்டன் லெவின்:
நல்ல காஸ்கட்டாக இருந்தால்தான் ஒவ்வொன்றாக மாற்றுவது சரிவரும், அதைத்தானே நான் முதலிலிருந்து சொல்கிறேன்! இப்போது லேத்காரரே காஸ்கட் நல்லது என்கிறார். பிறகும் எதற்கு ஹெட்டைக் கழற்ற வேண்டும்? ஒரு போல்ட்டை எடுத்து அளந்து பார் மச்சான், நீண்டிருக்கிறதா என்று. அப்புறம் பேசுவோம்.

ரம்பொடை ஈவோ:
அளந்தேன். மூலையில் ஒன்று, 99.6. வெர்னியரை நாலு தடவை துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், 99.6தான். உருவும்போது நுனியில் கறுப்பாகச் சேறு மாதிரி ஒன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது. காரை இனி நகர்த்தப் போவதில்லை.

கண்டி லேத்காரன்:
அந்தச் சேறுதான் என் பதில். அது ஒரு துளையில் இருந்தால் பத்திலும் இருக்கும். ஹெட் மேலே இருக்கும்போது குழாய் விட்டு ஒயிலை உறிஞ்சலாம், மரையில் காய்ந்து பிடித்த சேற்றை எப்படி எடுப்பீர்கள்?

ஹட்டன் லெவின்:
நீளமான பிரஷ் இருக்கிறது, கார்புரேட்டர் கிளீனர் இருக்கிறது.

பெக்டரி ஃபிட்டர்:
பிரஷ் விட்டால் சேறு கீழே போய் உட்காரும், வெளியே வராது. நானும் அப்படி நினைத்து ஒரு டீசல் எஞ்சினில் செய்து, இரவு பன்னிரண்டு மணிக்கு மறுபடி கழற்றியிருக்கிறேன். பெரிய துரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கழற்றுங்கள் தம்பி. கழற்றும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள், ஒரேயடியாக வேண்டாம்.

ரம்பொடை ஈவோ:
சரி, கழற்றுகிறேன். லெவின் மச்சான் கோபிக்காதே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது வீட்டில் எல்லோரும் விற்கச் சொன்னார்கள், விற்கவில்லை. 2025இல் திறந்த பிறகும் இந்த விலையில் இன்னொன்று வாங்க வழியில்லை. ப்ளொக் பிளந்தால் நான் தாங்க மாட்டேன்.

ஒரு கேள்விதான் பாக்கி. இரவல் டோர்க் ரெஞ்ச்சை நம்பலாமா?

ஹட்டன் லெவின்:
கோபம் இல்லை, காஸ்கட் காசுதான் வீண் என்று இப்போதும் சொல்வேன். ரெஞ்ச்சில் எந்த அளவுகோல் என்று முதலில் பார். அடி-பவுண்டில் 78 வைத்தால் அது 106 நியூட்டன் மீட்டர். எனக்கு அது நடந்திருக்கிறது, எப்படித் தெரியும் என்று கேட்காதே.

பெக்டரி ஃபிட்டர்:
ரெஞ்ச்சின் சதுர முனையை வைஸில் படுக்கையாகக் கடிக்கவிட்டு, கைப்பிடியில் நடுவிலிருந்து சரியாக 40 சென்டிமீட்டரில் 20 கிலோ தொங்கவிடுங்கள். அது 78 நியூட்டன் மீட்டர். ரெஞ்ச்சை 78இல் வைத்தால் அந்த எடையில் கிளிக் ஆக வேண்டும், 75இல் கட்டாயம் ஆக வேண்டும், 82இல் ஆகக் கூடாது. ரெஞ்ச்சின் சொந்த எடையும் கொஞ்சம் சேரும், அதனால் ஒன்றிரண்டு முன்பின் இருந்தால் பரவாயில்லை.

20 கிலோவைச் சரியாக நிறுக்க என்னிடம் பழைய கொழுந்துத் தராசு இருக்கிறது, முள் இன்னும் பொய் சொல்லாது. சனிக்கிழமை தோட்டத்துக் கோயிலில் பூசை, வர முடியாது. ஞாயிறு காலை நானுஓயா சந்தியில் வந்து ஏற்றிக்கொள்ளுங்கள். ஈவோவில் இல்லை, வேறு ஏதாவது வண்டியில்.