கொப்பியில் இருக்கிற கட்டுரை: பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு அதையும் கேட்டால் என்ன?

ஹட்டன்_வரலாறு

என் அண்ணன் மகள் லண்டனில் ஈஸ்ட்ஹாம் பக்கம் படிக்கிறாள். வரலாறு படிக்க ஒக்ஸ்போர்டுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். போன கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு கட்டுரையை ஸ்கேன் பண்ணி அனுப்பி, "சித்தப்பா, இதைத்தான் விண்ணப்பத்தோடு கொடுக்கப் போறேன்" என்றாள். திறந்து பார்த்தால் வகுப்பில் எழுதின சாதாரணக் கட்டுரை. ஓரம் முழுக்க ஆசிரியரின் பேனா. ஒரு பந்திக்குப் பக்கத்தில் "இதற்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்டிருக்கிறார். இன்னொரு இடத்தில் ஒரு வரியை வட்டம் போட்டு "இதை விரித்து எழுது" என்றிருக்கிறார்.

அங்கே சில பாடங்களுக்கு இப்படி ஒரு எழுத்து வேலை கேட்கிறார்கள். பாடசாலையில் வழமையாக எழுதி ஆசிரியர் திருத்தினதாக இருக்க வேண்டும். 2000 சொல்லைத் தாண்டக்கூடாது. திருத்தின பிறகு மறுபடி எழுதி அழகுபடுத்தக்கூடாது. நவம்பர் 10க்குள் போய்ச் சேர வேண்டும். டிசம்பர் நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் அந்தக் கட்டுரையை வைத்தே கேள்வி வரலாம்.

அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு என் மாணவி ஒருத்தியின் கொப்பிதான் ஞாபகம். "1948 குடியுரிமைச் சட்டமும் அதன் விளைவுகளும்" என்று கட்டுரை கொடுத்தேன். அந்தச் சட்டத்தால் நாடற்றவர்களான தோட்டத்து மக்களைப் பற்றி இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பற்றி 1974இல் பேசினார்கள் என்று நோட்ஸில் இருப்பதை எல்லோரும் எழுதினார்கள். அவளும் எழுதினாள். அதற்குக் கீழே, தோட்டத்து லயத்தில் ஒவ்வொரு குடும்பமும் இருக்கிற அறையான காம்பிராவைப் பற்றி இதையும் எழுதியிருந்தாள்: "எங்கள் லயத்தில் ஏழாம் காம்பிராவுக்கு இந்தியா கிடைத்தது, எட்டாம் காம்பிராவுக்கு இலங்கை கிடைத்தது. ஒப்பந்தத்தில் தொகை இருக்கிறது, காம்பிரா இல்லை." தாத்தாவின் தகரப்பெட்டியில் இருந்த கடதாசியைப் பார்த்து, பாட்டியிடம் கேட்டு எழுதினாளாம்.

உயர்தரப் பரீட்சையின் புள்ளித்திட்டத்தில் அந்த வரிக்கு ஒரு புள்ளியும் கிடையாது. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற அவளுடைய இசட் புள்ளி வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். வரலாறு, தமிழ், சமூகவியல் போன்ற பாடநெறிகளுக்காவது, இசட் புள்ளியோடு சேர்த்து, திருத்திய கட்டுரை ஒன்றையும் நம் பல்கலைக்கழகங்கள் கேட்டால் என்ன?

பதுளை_ஓய்வுநிலை

தம்பி, அந்தப் பிள்ளையின் வரி நல்ல வரி. ஆனால் அதற்குப் புள்ளி போடாமல் விட்ட பரீட்சகர்களில் நானும் ஒருவன். பல வருஷம் உயர்தர வரலாற்றுத் தாள் திருத்தியிருக்கிறேன். என் மேசைக்கு வரும் தாளில் சுட்டெண் மட்டும்தான் இருக்கும். எழுதினது கொழும்பில் பெரிய கல்லூரியா, லுணுகலையில் ஒரு தோட்டப் பாடசாலையா, அப்பா டொக்டரா, தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவரா என்று எனக்குத் தெரியாது. தெரியக்கூடாது. நம் பிள்ளைகளுக்கு இந்த நாட்டில் கிடைத்த பெரிய பாதுகாப்பு அந்தச் சுட்டெண்தான்.

நீங்கள் கேட்கிற கட்டுரையில் பாடசாலையின் பெயர் இருக்கும், முத்திரை இருக்கும், ஆசிரியர் கையெழுத்து இருக்கும். அதை யாரோ ஒரு குழு உட்கார்ந்து "இது நல்ல சிந்தனை, இது சுமார்" என்று தீர்மானிக்கும். 1971இல் மருத்துவத்துக்குத் தமிழ் மொழி மூலம் எழுதினவனுக்கு 250 புள்ளி வேண்டும், சிங்கள மொழி மூலம் எழுதினவனுக்கு 229 போதும் என்று வைத்தார்கள். எண்ணாக எழுதி வைத்ததால் அதை நாம் சுட்டிக்காட்டிச் சண்டை போட முடிந்தது. "சிந்தனை போதாது" என்று ஒரு குழு சொன்னால் எதைக் காட்டிச் சண்டை போடுவீர்கள்?

பேராதனை_மூன்றாம்_வருஷம்

ஐயா சொல்வது சரி. மாவட்ட ஒதுக்கீடு இல்லாவிட்டால் எங்கள் மலையைவிட்டு எத்தனை பேர் பல்கலைக்கழகம் பார்த்திருப்போம்? பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் நாடு முழுக்கத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்த 16க்குள் இருக்கின்றன. அந்தக் கணக்கில் யாரும் கை வைக்கக்கூடாது.

ஆனால் சேர் சொல்லும் குறையை நான் அனுபவித்தேன். முதல் வருஷம் முதல் ஒப்படை. 1500 சொல்லில் எழுதச் சொன்னார்கள். டியூஷன் நோட்ஸ் பாணியில், "முடிவுரை" என்று தலைப்புப் போட்டு, அழகான கையெழுத்தில் ஒன்பது பக்கம் எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: "இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" விடுதியில் அன்று இரவு அழுதேன். பதின்மூன்று வருஷம் படித்த எனக்கு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. கேட்கலாம் என்றுகூட எனக்குத் தெரியாது.

மஸ்கெலியா_அம்மா

சேர், நான் படித்தது பத்தாம் வகுப்பு. மகள் இந்த வருஷம் உயர்தரம், கலைப் பிரிவு. நீங்கள் பேசுவதை அவள்தான் எனக்குப் படித்துக் காட்டினாள்.

திருத்தின கட்டுரை வேண்டும் என்கிறீர்கள். யார் திருத்துவது? இவளுடைய வரலாற்று டீச்சர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்ப் பொங்கலோடு எத்தனையோ மாதம். பதிலுக்கு ஆள் வரவில்லை. கொப்பியை எடுத்துப் பார்த்தேன். சிவப்புப் பேனா பட்ட கடைசிப் பக்கம் தை மாதம். அதுவும் ஒரு சரி அடையாளமும் சின்னக் கையெழுத்தும். அப்புறம் எல்லாம் டியூஷன் போட்டோகொப்பி.

கையெழுத்து வாங்க, அதிபர் முத்திரை வாங்க, ஸ்கேன் பண்ண டவுனுக்குப் போக என்றால் அது என் வேலைதான். ஒரு நாள் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்குப் போகாவிட்டால் பேர் இல்லை, அன்றைய சம்பளம் இல்லை. பாதியில் திரும்பினால் அரைப் பேர். எங்கள் லயத்துக்கு இன்னும் சரியான விலாசம் இல்லை, கடிதம் எல்லாம் தோட்டத்து ஒபிசுக்குத்தான் வருகிறது. அக்கா மகனுக்கு நேர்முகக் கடிதம் வந்து அங்கேயே கிடந்து, கைக்குக் கிடைத்தபோது தேதி முடிந்து இரண்டு நாள். இன்னொரு கடதாசி, இன்னொரு தேதி என்றால் பயமாக இருக்கிறது.

ஹட்டன்_வரலாறு

அம்மா, உங்கள் பதிலை மூன்று தடவை படித்தேன். திருத்த ஆள் இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை. என் பாடசாலையில் நான் இருப்பதால் எல்லா இடத்திலும் ஒருவர் இருப்பார் என்று நினைத்துவிட்டேன்.

ஆனால் ஐயாவிடம் ஒன்று கேட்கிறேன். தாள் திருத்தும்போது வரிசையாக நூறு தாளில் ஒரே வசனம், ஒரே வரிசை, ஒரே எழுத்துப்பிழை பார்த்திருப்பீர்கள். எந்த டியூஷன் மாஸ்டரின் நோட்ஸ் என்றுகூடத் தெரிந்திருக்கும். அப்போது சுட்டெண் மறைப்பது யாரை? பிள்ளையையா, மாஸ்டரையா?

பதுளை_ஓய்வுநிலை

பார்த்திருக்கிறேன். வேதனையும் பட்டிருக்கிறேன். ஆனால் அதே மாஸ்டர் கட்டுரையும் எழுதிக் கொடுப்பார், தம்பி. உயர்தரத்துக்குச் செயற்றிட்டம் செய்யச் சொன்ன காலத்தில் என்ன நடந்தது? பழைய மாணவனின் செயற்றிட்டத்தில் அட்டையை மாற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பாடசாலை மட்டக் கணிப்பீடு வந்தது. நல்ல நோக்கம்தான். கடைசியில் ஆசிரியர்கள் மதியம் உட்கார்ந்து படிவம் நிரப்பியதுதான் மிச்சம். பிள்ளை உண்மையில் என்ன எழுதினான் என்று அந்தப் படிவத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இப்போது சாட்ஜிபிடி வேறு. போனில் தட்டினால் தமிழிலேயே கட்டுரை வருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களுக்குப் பொது விண்ணப்பத்தில் 650 சொல்லில் தன்னைப் பற்றி எழுத வேண்டும். 2023இல் அங்கே உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைப் பார்க்கக்கூடாது என்றது. ஆனால் விண்ணப்பதாரி தன் வாழ்க்கையில் இனம் என்ன செய்தது என்று கட்டுரையில் எழுதினால் அதைப் பார்க்கலாம் என்றும் சொன்னது. அது இங்கே வந்தால் என்ன ஆகும்? நம் பிள்ளைகள் லயத்துக் கூரை ஒழுகுவதையும், அம்மாவின் காலில் அட்டை கடித்ததையும் எழுதி இடம் கேட்க வேண்டிவரும். யார் கூடுதலாக அழவைக்கிறாரோ அவருக்கு இடம். அதை நான் பார்க்க விரும்பவில்லை.

பேராதனை_மூன்றாம்_வருஷம்

கடைசிப் பந்திக்கு ஆயிரம் தரம் ஆமாம், ஐயா. ஒரு நிகழ்வில் வெளியிலிருந்து வந்தவர்களுக்கு முன்னால் "உங்கள் கஷ்டத்தைப் பற்றிப் பேசுங்கள்" என்று மைக்கை நீட்டினார்கள். நான் ஆய்வு செய்வது தோட்டப் பாடசாலைகளின் நிர்வாகம் பற்றி. அதை யாரும் கேட்கவில்லை.

ஈஸ்ட்ஹாம்_அண்ணன்

நான்தான் அந்தப் பிள்ளையின் அப்பா. தம்பி இணைப்பை அனுப்பினான். ஒரு விஷயத்தைத் தெளிவாக்க வேண்டும், இங்கே இரண்டும் கலந்துபோய்விட்டது.

ஒக்ஸ்போர்ட் கேட்கும் எழுத்து வேலை தன் கதை இல்லை. மகள் அனுப்பினது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஏழைகள் சட்டம் பற்றி. அதில் அவள் எங்கிருந்து வந்தாள், தாத்தா யார் என்று ஒரு சொல் இல்லை. எப்படி வாதம் கட்டுகிறாள், ஆதாரத்தை எப்படிப் பிடிக்கிறாள் என்பதைத்தான் பார்க்கிறார்கள். தன்னைப் பற்றி எழுதுவது தனி. அது எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் பொதுவான விண்ணப்பத்தில் இருக்கிறது.

மொழி பற்றியும் ஒன்று. கட்டுரை வேறு மொழியில் இருந்தால் ஆங்கிலத்தில் பெயர்த்து, மூலத்தையும் சேர்த்துக் கொடுக்க வழி இருக்கிறது. தம்பியின் மாணவி தமிழில் எழுதின அந்தக் கொப்பிப் பக்கமே அப்படிப் போகலாம்.

பிறகு, கட்டுரையை மட்டும் வைத்து யாருக்கும் இடம் கொடுப்பதில்லை. பெறுபேறு, நேர்முகம் எல்லாம் சேர்ந்துதான். ஐயா சொல்லும் கள்ளத்தை நேர்முகத்தில் பிடிப்பார்கள். தான் எழுதாததைப் பற்றி இருபது நிமிஷம் பேச முடியாது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். மகளின் வகுப்பில் பதினைந்து பேர். ஆசிரியருக்கு ஒவ்வொரு கட்டுரையையும் இரவு வீட்டில் வைத்துப் படிக்க நேரம் இருக்கிறது.

பதுளை_ஓய்வுநிலை

இந்த வித்தியாசத்தை விளக்கினதற்கு நன்றி. பாடக் கட்டுரை என்றால் என் எதிர்ப்பில் பாதி குறைகிறது. மீதிப் பாதி குறையவில்லை. நேர்முகத்தில் பிடிக்கலாம் என்கிறீர்கள். இலங்கையில் வருஷத்துக்கு எத்தனை ஆயிரம் பேரை உட்காரவைத்து இருபது நிமிஷம் பேசுவது? மஸ்கெலியாவிலிருந்து அந்த நேர்முகத்துக்கு வருகிற பஸ் செலவு யார் தருவது? கட்டடக்கலைக்கு மொறட்டுவையில் உளச்சார்புப் பரீட்சை வைக்கிறார்கள். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் முந்தின நாள் இரவு பஸ்ஸில் நின்றுகொண்டே போய், விடிய முகம் கழுவிவிட்டு வரையப் போனான். மொறட்டுவையில் வீடு இருக்கிறவன் தூங்கி எழும்பி வந்தான்.

பேராதனை_மூன்றாம்_வருஷம்

அப்படியானால் வலயக் கல்விப் பணிமனையிலேயே உட்காரவைத்து, புத்தகம் கொடுத்து, மூன்று மணித்தியாலத்தில் ஒரு கட்டுரை எழுதவைக்கலாமே? மூலாதாரம் நான்கைந்து கையில் கொடுத்து "இதிலிருந்து வாதம் கட்டு" என்றால் மனப்பாடம் உதவாது. சுட்டெண்ணும் இருக்கும்.

பதுளை_ஓய்வுநிலை

மகள், அது நல்ல யோசனை. ஆனால் அது பரீட்சை. உயர்தர வினாத்தாளிலேயே அப்படி ஒரு பகுதி வைக்கலாம், அதற்கு நான் இரண்டு கையையும் தூக்குவேன். சேர் கேட்டது கொப்பியில் இருக்கிற கட்டுரையை.

ஹட்டன்_வரலாறு

ஆமாம், நான் கேட்டது கொப்பிதான். மூன்று மணித்தியாலத்தில் அந்தக் காம்பிரா வரி வந்திருக்காது. அதற்குத் தகரப்பெட்டியைத் திறக்க வேண்டும், பாட்டி கொழுந்து நிறுத்துவிட்டு வரும்வரைக்கும் காத்திருந்து கேட்க வேண்டும். அவளுக்கு அது ஒரு கிழமை எடுத்தது.

விண்ணப்பத்தில் கேட்க வேண்டும் என்ற எண்ணத்தை நான் விடவில்லை. ஆனால் மஸ்கெலியா அம்மா எழுதினதற்கு என்னிடம் பதில் இல்லை. திருத்த ஆளில்லாத ஊரில் திருத்தின கட்டுரை கேட்பது, அடுப்பில்லாத வீட்டில் சோறு கேட்கிற மாதிரி. அதனால் திங்கட்கிழமையிலிருந்து என் உயர்தர வகுப்பில் மாதம் ஒரு கட்டுரை. புள்ளி போட மாட்டேன், ஓரத்தில் கேள்வி மட்டும் எழுதுவேன். முப்பத்திரண்டு பேர். முடியுமா என்று தெரியவில்லை, தொடங்கப் போகிறேன். ஆசிரியர் இல்லாத பாடசாலைப் பிள்ளைகள் போனில் படம் எடுத்து அனுப்பினால் அதையும் பார்க்கிறேன்.

மஸ்கெலியா_அம்மா

மகள் அனுப்பலாமா சேர்? போன் படம் இருட்டாக வரும். இங்கே நாலு நாளாக மழை, கரண்ட்டும் வந்து வந்து போகிறது.

பதுளை_ஓய்வுநிலை

தம்பி, முப்பத்திரண்டோடு நீங்கள் நிறுத்துங்கள். வெளிப் பிள்ளைகளின் கட்டுரையை எனக்கு அனுப்புங்கள். எனக்குக் காலையில் வேலை இல்லை, கண்ணும் இன்னும் பிடிக்கிறது. விண்ணப்ப விஷயத்தில் என் நிலைப்பாடு மாறவில்லை, அதை மறுபடியும் சொல்லிவைக்கிறேன்.

அம்மா, மகளிடம் சொல்லுங்கள்: ஒரு வரி விட்டு ஒரு வரி எழுத வேண்டும், வலது பக்கம் நாலு விரல் அகலம் ஓரம் விட வேண்டும், நான் அங்கே எழுதுவேன். மழை விட்ட பிறகு வாசலில் வைத்துப் படம் எடுத்தால் போதும், அவசரமில்லை.

தலைப்பு இது. தோட்டப் பாடசாலைகளை 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்றதே, அதில் உங்கள் பாடசாலையில் என்ன மாறியது, என்ன மாறவில்லை? நோட்ஸில் இருக்காது. அந்தக் காலத்தில் படித்தவர் யாராவது லயத்தில் இருப்பார், அவரிடம் கேட்கட்டும். அப்புறம் அதிபரிடம் பழைய சம்பவத் திரட்டுப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கட்டும். தர மறுத்தால், மறுத்த தேதியையும் கட்டுரையில் எழுதட்டும்.